ஊர்ப் பெயரும் கொடியின் மரபும்

தென் பிரான்சில் ரோன் நதியை அடுத்துள்ள ஷாத்தோநெஃப்-து-பாப் என்னும் சிற்றூரில் திராட்சை பயிரிடும் ஒரு குடியானவர், தாம் வடித்த ஒயினைப் புட்டியில் அடைத்து அதன்மேல் தம் ஊரின் பெயரைப் பொறித்துக்கொள்ள விரும்பினால், அவர் கைக்கொள்ள வேண்டிய விதிகள் ஒரு சிறு நூலாகும் அளவுக்கு நீண்டவை. கொடி நிற்கும் நிலம் வரையறுத்த எல்லைக்குள் இருக்க வேண்டும். கொடியோ, சட்டம் பெயர் சொல்லி அனுமதித்த ரகங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். அதைக் கவாத்து செய்வதற்கும் விதி உண்டு. ஒரு ஹெக்டேரில் 35 ஹெக்டோலிட்டர், அதாவது 3,500 லிட்டர், என்பதே விளைச்சலுக்கு வகுத்த அளவு. பழத்தைக் கையால் பறித்து, அழுகலையும் பழுக்காததையும் பொறுக்கித் தள்ளிய பிறகே பிழிய வேண்டும். வடிந்த மதுவில் ஆல்கஹாலின் பங்கு 12.5 சதவீதத்துக்குக் குறையலாகாது. இவ்விதிகளின் முதல் வடிவத்தை 1923-ல் அவ்வூரார் தாமே கூடித் தமக்கு வகுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர் பாரன் பியேர் லெ ருவா என்னும் சட்டம் படித்த நிலச்சுவான்தார். முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். எந்தத் தரை ஊரின் பெயருக்கு உரியது என்று நிர்ணயிக்க அவர் சொன்ன பிரமாணம் மிக எளிமையானது: லாவெண்டரும் தைம் செடியும் தாமாக முளைக்கின்ற, வேறு பயிருக்கு உதவாத வறண்ட நிலமே அது.

மதுவை விலக்கி வாழும் குடும்பங்கள் மிகுந்த நம் நாட்டில், இவ்விஷயத்தை அறிந்துகொள்வதால் என்ன பிரயோஜனம் என்று வாசகர் கேட்கலாம். மதுரை மல்லிக்கு 2013-லும், கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-லும் கிடைத்த புவிசார் குறியீடு என்னும் உரிமை, 1999-ல் இந்தியா இயற்றிய சட்டத்தின் பயன். அந்தச் சட்டமோ உலக வர்த்தக ஸ்தாபனத்தின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையை நிறைவேற்றும் பொருட்டு எழுந்தது. அவ்வுடன்படிக்கையில் ஊர்ப் பெயர்களைக் காக்கும் பகுதி, ஒயின் விளைவிக்கும் ஐரோப்பிய தேசங்களின் பிடிவாதத்தால் இடம்பெற்றது. மற்றப் பொருள்களுக்கு இல்லாத விசேஷப் பாதுகாப்பு ஒயினுக்கும் வடிமதுவுக்கும் மட்டும் அதன் 23-ஆம் ஷரத்தில் வழங்கப்பட்டிருப்பதே இதற்குச் சான்று. ஆகவே ஒரு விளைபொருளுக்கும் அது விளைந்த மண்ணுக்கும் உள்ள பந்தத்தைச் சட்டத்தில் எழுதிவைக்கும் வித்தையை உலகம் கற்றுக்கொண்டது திராட்சைத் தோட்டத்தில்தான். அத்தகைய சட்டம் இப்போது மரபணு விஞ்ஞானத்தோடு நேருக்கு நேர் வந்து நிற்கிறது.

ஒயினைத் தரம் பிரிக்கும் முறை எல்லா நாட்டிலும் ஒன்றாக இல்லை. போர்டோ நகரின் தரகர்கள், 1855-ல் பாரிஸில் நடந்த பொருட்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் தயாரித்துக் கொடுத்த பட்டியல், நெடுங்காலமாகச் சந்தையில் கிடைத்த விலையை வைத்துப் பண்ணைகளை ஐந்து படிகளாக நிறுத்தியது. அந்தப் படிகளில் குறிப்பிடத்தக்க ஏற்றம் என்று சொல்லத்தக்கது, 1973-ல் மூத்தோன் ரோத்ஷீல்டு இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு உயர்ந்ததுதான். ஜெர்மானியரின் 1971-ஆம் ஆண்டுச் சட்டம், பறித்த பழச்சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று அளந்து தரத்தை வகுத்தது. குளிர்ந்த தேசத்தில் பழம் பழுப்பதே பெரும் பாக்கியம் ஆதலால் அந்த அளவுகோல் அவர்களுக்குப் பொருந்தியது. அமெரிக்காவிலோ பிரதேசத்தின் பெயரை எழுத வேண்டுமானால் பழத்தில் நூற்றுக்கு 85 பங்கு அங்கே விளைந்திருந்தால் போதும். எந்த ரகம், எப்படிக் கவாத்து, எவ்வளவு விளைச்சல் என்பவற்றில் சட்டம் தலையிடுவதில்லை. இத்தாலியில் 1963-ல் பிரெஞ்சு முறையைத் தழுவிச் சட்டம் செய்தபோது, தஸ்கனிக் கடற்கரையில் பிரெஞ்சு ரகமான காபர்னே சோவின்யோனைப் பயிரிட்ட சாசிக்காயா பண்ணையின் ஒயின், உலகெங்கும் உயர்ந்த விலைக்கு விற்றும், விதிப்படி வெறும் ‘மேசை ஒயின்’ என்றே பல ஆண்டுகள் எழுதப்பட்டது. 1994-ல்தான் சட்டம் அதற்கு இறங்கிவந்தது. விதி இறுகினால் சிறப்பானதும் வெளியே நிற்க நேரும் என்பது உண்மையே. ஆயினும் பிரெஞ்சுக்காரர் இவ்வளவு இறுக்கமாக விதி செய்ததற்குக் காரணம் இருந்தது. அது பேரழிவில் தொடங்கிய கதையாதலால் சற்று நின்று சொல்ல வேண்டும்.

1860-களில் ரோன் நதியின் கீழ்ப்பகுதியில் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. இலை பழுத்தது, காய் சுருங்கியது, மூன்றாம் வருஷத்தில் கொடி பட்டுப்போனது. பட்ட கொடியைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு அழுகிய வேரைத் தவிர ஒன்றும் தென்படவில்லை. 1868-ல் மோன்பெலியே நகரத்துத் தாவர சாஸ்திரியான பிளான்ஷோனும் அவருடைய தோழர்களும், செத்த கொடியை விட்டு, அதன் பக்கத்தில் இன்னும் செழிப்பாக நின்ற கொடியைப் பிடுங்கிப் பார்த்தார்கள். அதன் வேர்களில் மஞ்சள் நிறமான நுண்ணிய பேன்கள் அப்பிக்கிடந்தன. வேர் செத்தவுடனே அடுத்த வேரைத் தேடிப் போய்விடும் அந்தப் பூச்சியின் இயல்பே அதுவரை அதை மறைத்து வைத்திருந்தது. வட அமெரிக்காவிலிருந்து வந்த செடிகளோடு கடல் கடந்து வந்த பிராணி அது. ஃபைலாக்சரா என்று பெயர். பிரெஞ்சு சர்க்கார் பரிகாரம் கண்டுபிடிப்பவருக்கு மூன்று லட்சம் பிராங்கு வெகுமதி அறிவித்தது. 1875-ல் சுமார் 8.4 கோடி ஹெக்டோலிட்டராக இருந்த தேசத்தின் ஒயின் விளைவு, 1889-ல் ஏறத்தாழ 2.3 கோடியாகச் சரிந்தது.

பரிகாரம் பூச்சி வந்த தேசத்திலேயே இருந்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சை இனங்கள் அப்பேனோடு ஆயிரமாயிரம் ஆண்டுகள் கூடி வாழ்ந்து பழகியவை ஆகையால், அவற்றின் வேர் கடிபட்டாலும் சாவதில்லை. அந்த வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினால், கீழே அமெரிக்க வேரும் மேலே பிரெஞ்சுப் பழமுமாக ஒரே கொடி நிற்கும். நம் தோப்புகளில் நாட்டுமாங்கன்றின்மேல் பங்கனபள்ளியை ஒட்டுக்கட்டுவதுபோலத்தான். ஆனால் அன்றைய பிரான்சில் இந்த உபாயத்தைக் கேட்டவர்கள் பதறினார்கள். அந்நிய வேரிலிருந்து ஏறும் சாற்றால் பழத்தின் குணம் கெடும், ஊரின் கீர்த்தி அழியும் என்று பெரிய பண்ணைக்காரர்கள் அஞ்சினார்கள்; பர்கண்டியில் 1887 வரையில் அமெரிக்கக் கொடிக்குத் தடையே இருந்தது. வசதி படைத்தவர்கள் கார்பன் டைசல்ஃபைடு என்னும் கந்தகக் கலவைத் திரவத்தை மண்ணுக்குள் வருஷந்தோறும் பாய்ச்சித் தங்கள் பழைய வேர்களைக் காத்தார்கள். உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்றைத் தரும் ரொமானே-கோந்தி என்னும் தோட்டம் அவ்விதம் 1945 வரை ஒட்டுக்கட்டாத கொடிகளோடு நின்றது. அவ்வருஷ அறுவடைக்குப் பிறகு, இனித் தாங்காது என்று கண்டு, அவற்றைப் பிடுங்கிவிட்டு அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டிய கன்றுகளை நட்டார்கள். இன்று ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை அந்நிய வேரில்தான் நிற்கின்றன. ஊரின் மண்ணையும் மரபையும் பற்றிப் பேசும் சட்டங்கள் எல்லாம் இந்த ஒட்டுக்கொடிகளின்மேல் எழுந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், மரபணு விவாதத்தில் இரு தரப்பாரும் பேசுவதை நிதானமாக எடை போட முடியும்.

கொடி குறைந்தபோது ஒயினின் தேவை குறையவில்லை. அந்த இடைவெளியில் மோசடி புகுந்தது. கிரேக்க தேசத்திலிருந்து உலர்ந்த திராட்சையை வரவழைத்து வெந்நீரில் ஊறவைத்து நொதிக்கச் செய்தார்கள். பிழிந்த சக்கையில் தண்ணீரையும் சர்க்கரையையும் சேர்த்து மறுபடி நொதிக்கவைத்தார்கள். அதற்குப் புகழ்பெற்ற ஊர்களின் பெயரை ஒட்டி விற்றார்கள். புதுத் திராட்சையையோ அதன் சாற்றையோ நொதிக்கவைத்ததே ஒயின் என்று 1889-ல் சட்டம் வரையறுத்தது. ஆயினும் சட்டத்தை அமல் செய்வார் இல்லை. ஒட்டுக்கட்டிய தோட்டங்கள் மீண்டும் காய்த்துக் குலுங்கியபோது, போலிச் சரக்கு நிறைந்த சந்தையில் மெய்யான ஒயினுக்கு விலையில்லாமல் போயிற்று.

1907 மார்ச்சில், தென் பிரான்சின் அர்ஷலியே என்னும் கிராமத்தில், சிறு தோட்டமும் காப்பிக்கடையும் வைத்திருந்த மார்சலன் அல்பேர் என்பவர், தம் ஊர்க் குடியானவர் எண்பத்தேழு பேரைக் கூட்டிக்கொண்டு நார்போன் நகருக்கு நடந்தார். ஞாயிறுதோறும் ஊர் ஊராகக் கூட்டம் பெருகி, ஜூன் 9-ஆம் தேதி மோன்பெலியேயில் பல லட்சம் ஜனங்கள் திரண்டார்கள். சர்க்கார் படையை அனுப்பியது. நார்போனில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து உயிர்கள் போயின. அந்தப் பிரதேசத்துப் பிள்ளைகளே சிப்பாய்களாக இருந்த 17-ஆம் படைப்பிரிவு, தம் சொந்த ஜனங்கள்மேல் சுட்ட செய்தியைக் கேட்டுக் கலகம் செய்தது. அல்பேர் மறைவாகப் பாரிஸுக்குப் போய்ப் பிரதம மந்திரி கிளெமான்சோவைக் கண்டார். பேச்சு முடிந்ததும் மந்திரி அவர் கையில் ரயில் செலவுக்கென்று நூறு பிராங்கு நோட்டு ஒன்றைக் கொடுத்து, அந்தச் செய்தியைப் பத்திரிகைகளுக்கும் சொல்லிவிட்டார். ஊர் திரும்பிய அல்பேரை, விலைபோனவர் என்று அவரைப் பின்பற்றி வந்த ஜனங்களே தூற்றினார்கள்; அவர் வறுமையில் இறந்தார். ஆனால் அவர் கேட்டது கிடைத்தது. ஜூன் 29-ஆம் தேதி பிறந்த சட்டம், ஒவ்வொரு குடியானவரும் தம் விளைச்சலைப் பகிரங்கமாகப் பதிவு செய்ய வேண்டும் என்றும், சர்க்கரை வாங்குவது கண்காணிக்கப்படும் என்றும் விதித்தது. நிலத்தையும் ரகத்தையும் முறையையும் ஒருங்கே கட்டிய முழு ஏற்பாடு, செனட்டர் ஜோசப் காப்யூவின் முயற்சியால் 1935 ஜூலை 30-ல் வந்தது. மறுவருஷம் மே மாதம் முதன்முதலாக அந்த அந்தஸ்தைப் பெற்ற ஊர்களில் ஷாத்தோநெஃப்-து-பாப் ஒன்று.

ஆகையால் இச்சட்டங்களின் தாத்பரியம் என்ன என்று ஆராய்ந்தால், புட்டியை வாங்குபவனிடம் எதையும் மறைக்கலாகாது என்பதே அடிப்படையாக நிற்கக் காண்கிறோம். கொடி மாறவே கூடாது என்பது அதில் இல்லை. கொடிதான் ஏற்கெனவே அடியோடு மாறிவிட்டதே. மரபணு மாற்றத்தைப் பற்றிய வழக்கை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

கொடியின் மரபு என்பதும் நாம் நினைப்பதுபோல் நிலைத்த ஒன்றன்று. திராட்சையை விதை போட்டு வளர்த்தால் தாயின் குணம் வராது. அதனால் தண்டை வெட்டிப் பதியம் போட்டே நூற்றாண்டுகளாகப் பெருக்கி வந்திருக்கிறார்கள். அப்படிப் பெருக்கும்போதும் இயற்கையின் கை சும்மா இருப்பதில்லை: கறுப்புப் பினோவின் கொடியில் எப்போதோ ஒரு கிளை நிறத்தை இழந்து சாம்பல் பினோவாகவும் வெள்ளைப் பினோவாகவும் ஆனது, அந்தக் கிளைகளை வெட்டி நட்டவர்கள் அவற்றுக்குத் தனிப் பெயர் சூட்டினார்கள், சட்டமும் அவற்றைத் தனி ரகங்களாக ஏற்றுக்கொண்டது. கலிபோர்னியாவின் டேவிஸ் சர்வகலாசாலையில் 1997-ல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, காபர்னே சோவின்யோன் என்பது காபர்னே பிராங்குக்கும் வெள்ளைச் சோவின்யோனுக்கும் தற்செயலாய்ப் பிறந்த குழந்தை என்று கண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, ஷார்தொனேயின் பெற்றோரில் ஒருவர் பினோ என்றும், மற்றொருவர், ஏழைக் குடியானவர் பயிர் என்று இகழப்பட்ட குவே பிளாங்கு என்றும் தெரியவந்தது. உயர்குலம் என்று போற்றப்பட்ட கொடியின் வம்சாவளியில் இப்படியொரு மூதாதை இருப்பது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்த செய்தி.

பதியம் போட்டே பெருக்கியதால் ஒரு நஷ்டமும் உண்டு. கொடி பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. நோயோ ஆண்டுதோறும் தன்னை மாற்றிக்கொள்கிறது. 1840-களில் சாம்பல் நோயும் 1878-ல் அடிச்சாம்பல் நோயும் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தபோது அவற்றை எதிர்க்கும் சக்தி அங்குள்ள கொடிகளுக்கு இருக்கவில்லை. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து அடித்தால் அடிச்சாம்பல் ஒடுங்கும் என்று 1885-ல் மிலார்தே என்னும் பேராசிரியர் நிரூபித்தார். நம் ஊர்க் குடியானவர்களும் போர்டோ கலவை என்று பெயர் சொல்லி அடித்துவருவது அதையேதான். அன்று முதல் மருந்து அடிப்பது நின்றபாடில்லை. இயற்கை வேளாண்மை செய்வோரும் செம்பு கலந்த மருந்தையே நம்பியிருப்பதால், தோட்டத்து மண்ணில் செம்பு சேர்ந்துகொண்டே போகிறது.

இதற்கு மருந்தில்லாத வழியைத் தேடியவர்கள், அமெரிக்க இனத்தோடு ஐரோப்பிய இனத்தை மகரந்தத்தால் கலந்து கலப்பு ரகங்களை உண்டாக்கினார்கள். 1950-களில் பிரான்சின் திராட்சை நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தக் கலப்புகளிடம் இருந்தது. நோய்க்கு அஞ்சாதவை, ஏராளமாகக் காய்ப்பவை. ஆனால் பலவற்றின் பழத்தில் ஒரு முரட்டு வாசனை இருந்தது. அதற்கு முன்பே, சந்தையில் சரக்கு மிகுந்துவிட்ட காலத்தில், நோவா, ஒதெல்லோ, இசபெல், ஷாக்கே, கிளின்டன், எர்பெமோன் என்னும் ஆறு ரகங்களை 1934-ன் சட்டம் விலக்கியது. அவற்றின் ஒயினைக் குடித்தால் சித்தப்பிரமை உண்டாகும் என்ற பேச்சும் கூடவே பரவியது. ஊர்ப் பெயர் பெறும் ஐரோப்பிய ஒயினில் கலப்புக் கொடி கலக்கவே கூடாது என்ற விதி 2021 வரை நீடித்தது. அந்த வருஷ முடிவில்தான் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தளர்த்தியது. வோல்திஸ் என்ற வெள்ளை ரகம், இரு சாம்பல் நோய்களையும் எதிர்க்கும்படி பிரெஞ்சு அரசின் வேளாண் ஆராய்ச்சி ஸ்தாபனம் பல தலைமுறை கலந்து உண்டாக்கியது. ஷாம்பெயின் பிரதேசத்திலும் பண்ணையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேற்படாமல், பரீட்சையாக, அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒரு புதுக் கலப்பைத் தோட்டத்துக்குக் கொண்டுவர இருபது முப்பது வருஷம் ஆகிறது. வந்த பிறகும் அதற்கு ஷார்தொனே என்றோ பினோ என்றோ பெயர் வைக்க முடியாது. பழைய கொடியின் சுவையும் பெயரும் மாறாமல், நோயெதிர்ப்பை மட்டும் சேர்க்க இயலுமா என்ற கேள்வி இந்த இடத்தில்தான் பிறந்தது.

அதற்கு அரசாங்க ஆராய்ச்சிக்காரர்கள் செய்த ஒரு முயற்சியின் கதி இது. அது நடந்த இடம் அல்சாஸ் பிரதேசத்திலுள்ள கோல்மார் என்ற நகரம். திராட்சை இலையை விசிறிபோல் சுருங்கச்செய்து கொடியை மெலியவைக்கும் ஒரு வைரஸ் நோய், மண்ணிலுள்ள நூற்புழுவால் வேருக்குப் பரவுகிறது. கொடியைப் பிடுங்கிப் பல ஆண்டு தரிசு போடுவதைத் தவிர அதற்கு நம்பத்தக்க பரிகாரம் இல்லை. அந்த வைரஸின் மேலுறைக்குரிய மரபணுவை வேர்ச்செடியில் புகுத்தினால், செடி வைரஸைத் தடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார்கள். மேலே ஒட்டிய கொடியில் மாற்றம் ஏதும் கிடையாது. பழமும் இலையும் பழையவையே. முன்பு ஷாம்பெயினில் ஒரு பெரிய நிறுவனம் இத்தகைய பரீட்சையைத் தொடங்கி, ஜனங்களின் எதிர்ப்புக்கு அஞ்சி 1999-ல் கைவிட்டிருந்தது. அதனால் கோல்மார் ஆராய்ச்சிக்காரர்கள் வேறு வழியில் நடந்தார்கள். திராட்சைக் குடியானவர், அண்டை வீட்டார், சுற்றுச்சூழல் சங்கத்தார், வாங்குவோர் ஆகியோரைக் கொண்ட குழு ஒன்றை அமைத்து, பரீட்சையின் முறையையே அவர்களோடு கலந்து பேசித் தீர்மானித்தார்கள். பூங்கொத்து அரும்பும்போதே கிள்ளிவிடுவது, மகரந்தம் வெளியே போகாமல் காப்பது, மண்ணில் என்ன நேர்கிறது என்று அளப்பது ஆகியவை எல்லாம் வெளிப்படையாக நடந்தன. 2005-ல் எழுபது கொடிகள் நடப்பட்டன.

2009-ல் ஒருவர் புகுந்து அவற்றை வெட்டினார், மறுபடி நட்டார்கள். 2010 ஆகஸ்டு 15-ஆம் தேதி விடியற்காலையில் அறுபது பேர் அளவில் வந்து எழுபதையும் பிடுங்கிப்போட்டுவிட்டு, தாம் செய்ததை மறைக்காமல் போலீசாருக்குக் காத்திருந்தார்கள். கீழ்க் கோர்ட்டு அவர்களைத் தண்டித்தது. 2014-ல் மேல்முறையீட்டில், பரீட்சைக்கு சர்க்கார் கொடுத்த அனுமதியே செல்லாது என்று சொல்லி விடுவித்தார்கள். மறுவருஷம் தலைமை நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பரீட்சையோ முடிந்துபோனதுதான். பிடுங்கியவர்களின் அச்சத்தை அற்பமென்று நான் தள்ளமாட்டேன். ஒரு முறை மண்ணில் விட்டதைத் திரும்ப எடுக்க இயலாது என்பதை ஃபைலாக்சராவால் அழிந்த தேசம் மறக்க முடியாது. ஆனாலும் எதையும் ஒளிக்காமல், எதிர்ப்பவரையும் உட்காரவைத்துப் பேசி, விற்பனை நோக்கமே இல்லாமல் செய்த ஒரு பரீட்சையை அழித்ததால் எவருக்கும் லாபம் இல்லை என்றே கருதுகிறேன். அது முடியும்வரை நடந்திருந்தால், அந்த வேர் நோயைத் தாங்கியதா, மண்ணுக்குத் தீங்கு செய்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான வழியில் நடந்தது மதுச்சாலைக்குள் புகுந்த ஈஸ்டின் கதை. திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றிய பிறகு, பல ஒயின்களில் இரண்டாம் நொதித்தல் ஒன்று நிகழவேண்டியிருக்கிறது. பச்சை ஆப்பிளில் நாம் உணரும் கூரிய புளிப்பு மாலிக் அமிலத்தினுடையது; அதை, தயிரின் மென்மையான புளிப்பாகிய லாக்டிக் அமிலமாக ஒருவகைப் பாக்டீரியா மாற்றும். அது வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் நடக்கும். நடுவில் நின்றுபோவதும் உண்டு. சிலருக்குத் தலைவலி தருவதாகச் சொல்லப்படும் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் அப்போது உண்டாவதும் உண்டு. கனடாவில் பணிபுரிந்த வான் வூரன் என்னும் விஞ்ஞானி, வேறொரு ஈஸ்டிலிருந்து ஒரு மரபணுவையும் அந்தப் பாக்டீரியாவிலிருந்து ஒரு மரபணுவையும் எடுத்து ஒயின் ஈஸ்டில் புகுத்தி, இரண்டு நொதித்தலையும் ஒரே சமயத்தில் முடிக்கும் எம்.எல்.01 என்ற ஈஸ்டை உண்டாக்கினார். பாதுகாப்பானது என்ற முடிவுக்கு 2003-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆட்சேபணை சொல்லவில்லை. புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள எத்தில் கார்பமேட் என்ற பொருள் ஒயினில் குறைவாகச் சேரும்படி, ஈஸ்டின் சொந்த மரபணு ஒன்றையே அதிகமாய் இயங்கவைத்த இன்னொரு வகையும் சில ஆண்டுகளில் அனுமதி பெற்றது.

இவற்றில் தீங்கு இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. இரண்டாவது ஈஸ்டின் நோக்கம் குடிப்பவரின் நன்மையே. நான் மனம் பொறுக்காதது வேறு. அமெரிக்கச் சட்டப்படி இந்த ஈஸ்டைப் பயன்படுத்தியதைப் புட்டியின் லேபிளில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஈஸ்ட் அடியில் தங்கி வடிகட்டப்பட்டுவிடும், ஒயினில் இராது என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். ஆனால் பிரதேசத்தின் பெயரையும், ரகத்தின் பெயரையும், அறுவடை வருஷத்தையும் கணக்காக எழுதி, வாங்குபவன் அவற்றை நம்பி அதிக விலை கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் தொழில், தான் செய்த ஒரு முக்கியமான காரியத்தைச் சொல்லாமல் விடுவது, 1907-ல் ஜனங்கள் தெருவில் இறங்கியதற்குக் காரணமான அதே சுபாவத்தின் சாயல் உடையது. ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஈஸ்டுகளை அனுமதிக்கவில்லை. ஆஸ்திரேலிய ஒயின் தொழிலாரும், வெளிநாட்டுச் சந்தையை இழக்க நேரும் என்று எண்ணி, மரபணு மாற்றியது எதையும் உபயோகிப்பதில்லை என்று தாமே தீர்மானித்துக்கொண்டார்கள்.

இப்போது மூன்றாவது ஒரு முறை வந்திருக்கிறது. அந்நிய மரபணுவைப் புகுத்தாமல், கொடியின் சொந்த மரபணுவிலேயே ஓர் எழுத்தை வெட்டித் திருத்தும் கிறிஸ்பர் என்னும் முறை அது. 2007-லேயே பிரெஞ்சு, இத்தாலிய விஞ்ஞானிகள் பினோவின் வழிவந்த ஒரு கொடியின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டிருந்தார்கள். ஆகையால் எங்கே திருத்த வேண்டும் என்பது தெரியும். வெரோனா சர்வகலாசாலையில் தோன்றிய நிறுவனம் ஒன்று, அடிச்சாம்பல் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுவைச் செயலற்றதாக்கிய ஷார்தொனேக் கன்றுகள் சிலவற்றை, 2024 செப்டம்பர் இறுதியில் வால்போலிசெல்லாப் பிரதேசத்தில் சான் ஃபுளோரியானோ என்ற இடத்தில் நட்டது. அடுத்த பிப்ரவரியில், இரவில் வந்த எவரோ அவற்றைச் சேதப்படுத்திவிட்டார்கள். கோல்மாருக்கு வந்தவர்களாவது முகத்தைக் காட்டினார்கள்.

இந்தத் திருத்திய கொடி ஷார்தொனேதானா என்பது வெறும் தர்க்கமன்று. கோடிக்கணக்கான பணமும் பல கிராமங்களின் வாழ்வும் அதில் அடங்கியிருக்கின்றன. தானாக நிறம் மாறிய பினோ வேறு ரகம் என்றால், மனிதன் திருத்திய ஷார்தொனேயும் வேறு ரகமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒருவர் வாதிக்கலாம். இயற்கையில் எங்கேனும் நேர்ந்திருக்கக்கூடிய அளவே மாறிய கொடிக்குப் பழைய பெயரே உரியது என்று மற்றொருவர் வாதிக்கலாம். 2023 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த சட்ட வரைவு, சிறு திருத்தம் மட்டும் பெற்ற பயிர்களைச் சாதாரணப் பயிரோடு சேர்த்து எண்ணியது. விதைப் பொட்டலத்திலும் நாற்றிலும் குறிப்பு இருக்க வேண்டும், பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்றது. விளைந்த பொருளின்மேல் எழுதுமாறு கேட்கவில்லை. அதன்படி பார்த்தால், நாற்று வாங்கும் குடியானவருக்கு விஷயம் தெரியும், புட்டி வாங்குபவருக்குத் தெரியாது. தவிரவும், ஊர்ப் பெயருக்குரிய விதிநூல்களில் ரகங்கள் பெயரால் எழுதப்பட்டிருக்கின்றன. திருத்திய கொடியும் ஷார்தொனே என்றே அழைக்கப்படுமானால், அந்த ஊரார் எவரும் கூடிப் பேசாமலே அது விதிநூலுக்குள் நுழைந்துவிடும்.

நோயெதிர்க்கும் கொடி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வருஷத்துக்குப் பத்து முறைக்கு மேல் மருந்து அடிக்கும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் உடம்பை நினைத்தால் அது சீக்கிரம் வரட்டும் என்றே சொல்வேன். அது வரும்போது, திருத்திய ரகம் என்று பெயரோடு சேர்த்து எழுதப்பட்டு, ஒவ்வோர் ஊரின் சங்கமும் தன் விதிநூலில் அதை ஏற்பதா விலக்குவதா என்று, 1923-ல் ஷாத்தோநெஃப்-து-பாப்பில் கூடியதைப்போல, கூடித் தீர்மானித்த பின்பே அந்த ஊரின் பெயரைத் தாங்க வேண்டும். புட்டியின் லேபிளில் அதற்காக ஒரு வரி கூடுதலாக அச்சிட எந்தப் பண்ணைக்கும் பெரிய செலவு ஆகிவிடாது.